அப்பாவுக்கு ஒரு விரலில் 84, மற்ற விரலில் 91: எந்த எண்ணை நம்புவது?

பாலையூற்று மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. திருகோணமலையில் திருக்கடலூர்க் கரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் தொழில் செய்தவர். சுருட்டை விட்டு இரண்டு ஆண்டுகளாகின்றன என்று நானும் தம்பியும் நம்புகிறோம், அம்மா நம்பவில்லை. கடந்த மார்கழி மழைக்குள் சளி கட்டி, படுக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் மூச்சு வாங்கத் தொடங்கியதால் வைத்தியசாலையில் சேர்த்தோம். ஒன்பது நாட்களின் பின், நாட்பட்ட சுவாசத்தடை நோய் என்று கூறி, வீட்டில் ஒட்சிசன் மெசின் வைத்து, நிமிடத்துக்கு 1 லீற்றர் வீதம் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் கொடுக்கும்படி எழுதி அனுப்பினார்கள். துண்டின் அடியில் "இலக்கு 88 – 92" என்று ஒரு வரி இருந்தது. விடுதி நெரிசலில் அந்த வரியை எவரும் விளக்கவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நாங்களும் கேட்கவில்லை.

குருதியில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர் ஒன்றைப் பாமசியில் வாங்கினோம். எங்கள் குழப்பம் அன்றுதான் தொடங்கியது. ஒரு விரலில் 84 காட்டுகிறது. பதறிப்போய் அடுத்த கையில் மாட்டினால் 91 காட்டுகிறது. அம்மாவுக்கும் எனக்கும் எந்த விரலில் மாட்டினாலும் 97, 98 என்றுதான் வருகிறது. ஆகவே கருவி பழுதென்றும் சொல்ல முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அப்பா தூங்கும்போதே மாட்டிப் பார்க்கிறேன். பகலை விடக் குறைவாக இருக்கிறது. பிறகு எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதற்கிடையில் கனடாவில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில், "95க்குக் கீழே இருந்தால் ஆபத்து, ஒட்சிசனைக் கூட்டுங்கள்" என்று சொன்னார். தம்பி அன்று இரவு மெசினை 3 லீற்றருக்குத் திருகிவிட்டான். எண் 97க்கு ஏறியது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். ஆனால் நாலரை மணிக்கே எழுந்து தேத்தண்ணீர் கேட்கும் மனிதர், மறுநாள் ஒன்பது மணி வரை எழும்பவில்லை. எழுப்பினால் தலை வெடிப்பதுபோல் இருக்கிறது என்றார். என்ன கிழமை என்று கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் ஏதோ சொன்னார். உடனே 1 லீற்றருக்குக் குறைத்துவிட்டோம். மாலைக்குள் தெளிந்துவிட்டார். எண் நன்றாக இருந்த இரவுக்குப் பிறகு மனிதர் ஏன் இப்படிக் கெட்டுப்போனார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. "சுருட்டுக் குடிச்சால் இந்த எண் குறையிறதில்லை, கூடத்தான் செய்யுது" என்று அப்பா ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எப்போது அளந்து பார்த்தார் என்று கேட்டால் பதில் இல்லை. இது உண்மையாக இருக்குமா?


உவர்மலை ஓய்வுநிலைத் தாதி எழுதியது:

மகள், முதலில் அந்தக் காலை நேரத்து மயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் கதையைப் பிறகு பார்க்கலாம். இந்த நோய் உள்ளவருக்கு ஒட்சிசனைக் கூட்டிய பின் வரும் தூக்கக் கலக்கம், காலைத் தலையிடி, தடுமாறிய பேச்சு என்பவை, மூச்சோடு வெளியேற வேண்டிய காபனீரொட்சைட்டு குருதியில் ஏறியிருக்கிறது என்பதற்கான அறிகுறிகள். உங்கள் கருவிக்கு ஒட்சிசனை மட்டுமே தெரியும். காபனீரொட்சைட்டை அது பார்ப்பதே இல்லை. அதனால்தான் 97 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மனிதர் மயங்கிப்போனார். அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்காமல் நாளைக்கே போய் இதை அப்படியே சொல்லுங்கள். திரும்பவும் அப்படி எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை எடுங்கள்; முச்சக்கர வண்டியில் இருத்திக்கொண்டு போக வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் அந்தத் திருகில் எவரும் கை வைக்கக் கூடாது என்று தம்பிக்கும் சொல்லி வையுங்கள்.

இனி அளப்பது. 84 காட்டியது எந்த விரல், 91 காட்டியது எந்த விரல் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்பாவை நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க விடுங்கள். கையை மேசையிலோ மடியிலோ நெஞ்சு மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். கிணற்றில் குளித்துவிட்டு வந்தவுடனும், மின்விசிறிக்கு நேரே கை நீட்டியிருக்கும்போதும் விரல் குளிர்ந்திருக்கும். அப்போது நுனிக்குக் குருதி குறைவாகத்தான் வரும், கருவிக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நடுவிரலில் மாட்டுங்கள். முதலில் வரும் எண்ணைப் படிக்காதீர்கள். அது ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும்வரை அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருங்கள். திரையில் நாடித்துடிப்பின் எண்ணும் இருக்கும். அதே நேரத்தில் மற்றக் கையின் மணிக்கட்டில் நீங்களே நாடியை எண்ணிப் பாருங்கள். கருவி 110 என்று சொல்லி, உங்கள் விரலுக்கு 80தான் தெரிகிறது என்றால், அந்தக் கருவி அப்போது நாடியைப் பிடிக்கவில்லை. நாடியைப் பிடிக்காத கருவி காட்டும் ஒட்சிசன் எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

முன்விறாந்தையில் வெயில் படும் இடத்தில் வைத்து அளந்தாலும் எண் கெடும். நம் ஊர்க் காலை வெயில் விரலுக்குள் புகுந்து அந்தச் சிறு விளக்கின் ஒளியை அமுக்கிவிடும். ஒரு துவாயால் கையை மூடிவிட்டால் போதும்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டிலில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அலாரம் அடிக்கும். எண் 70க்கு இறங்கும். பயிற்சிக்கு வந்த பிள்ளை முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் போய்ச் சேர்வதற்குள் எண் 96க்கு ஏறிவிடும். மூன்றாம் தடவைதான் நான் போய்ப் பார்த்தேன். குருதி அழுத்தம் பார்க்கும் பட்டியும் விரல் கிளிப்பும் ஒரே கையில் இருந்தன. பட்டி தானாகக் காற்றேறி இறுகும்போது விரலுக்குக் குருதி போவது நின்றுவிடுகிறது. நோயாளி ஆறுதலாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கொப்பியில் நேரம், எத்தனை லீற்றர், எந்த விரல், ஒட்சிசன், நாடி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதி வாருங்கள். மூச்சை எண்ணும்போது அப்பாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு வயிறு எழும்புவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வழக்கமானது. 25ஐத் தொட்டால், கருவி என்ன எண்ணைக் காட்டினாலும் நான் பயப்படுவேன்.


கன்னியாக்காரர் எழுதியது:

என் கருத்தைச் சொல்கிறேன், எவரும் கோபிக்க வேண்டாம். எங்கள் அப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த விரல் கருவி எவரிடமும் இல்லை. முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். நடுச்சாமத்தில் தூங்கும் மனிதரின் விரலைப் பிடித்து எண் பார்ப்பது அவருக்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் நிம்மதி இல்லை.


உவர்மலை ஓய்வுநிலைத் தாதி எழுதியது:

தம்பி, நடுச்சாமத்து அளவீட்டைப் பற்றி நீங்கள் சொல்வதோடு நான் உடன்படுகிறேன். தூக்கத்தில் எவருக்கும் மூச்சு ஆழம் குறையும், எண்ணும் சற்று இறங்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக இறங்கும். அதை வைத்தியர் கேட்டால் மட்டும் பார்த்தால் போதும். ஆனால் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நாக்கும் உதடும் நீலமாவது நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஒட்சிசன் பெரும்பாலும் 85க்குக் கீழே போயிருக்கும். இரத்தச்சோகை உள்ளவருக்கு அந்த நீலம் தெரியாமலே போகவும் கூடும். நம்முடைய நிறத்தில் உதட்டை நம்பவே முடியாது. நாக்கை நீட்டச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். விடுதியில் முப்பது ஆண்டு பார்த்த என் கண்ணே பலமுறை பிழை விட்டிருக்கிறது.


பாலையூற்று மகள் எழுதியது:

அன்ரி, மிக்க நன்றி. நாளைக்குக் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். விரலைப் பார்த்தேன். 84 காட்டியது வலது சுட்டுவிரல். தூண்டில் நரம்பு அறுத்து அறுத்து அதன் உட்பக்கம் முழுவதும் தழும்பு. தோல் தகடுபோல் தடித்திருக்கிறது, நகமும் மஞ்சளாகித் தடித்து வளைந்திருக்கிறது. 91 காட்டியது இடது நடுவிரல். இப்போது நீங்கள் சொன்னபடி ஐந்து நிமிடம் இருத்திவிட்டு இடது நடுவிரல், இடது மோதிரவிரல், வலது மோதிரவிரல் மூன்றிலும் பார்த்தேன்: 90, 91, 90. சுட்டுவிரலில் மட்டும் இன்னமும் 84, 85. அந்த விரலில் மாட்டும்போது திரையில் ஓடும் அலை, கரையில் நுரை சிதறுவதுபோல் ஒழுங்கில்லாமல் குதிக்கிறது; மற்ற விரல்களில் ஒரே சீராக ஏறி இறங்குகிறது.


கருவி திருத்துபவன் எழுதியது:

அக்கா, நீங்கள் கடைசியில் எழுதிய அலைதான் இங்கே மிக முக்கியமான தகவல். மருத்துவக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். அந்த 84 எங்கிருந்து வருகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாத 940 நனோமீற்றர் அகச்சிவப்பு. மறுபக்கத்தில் ஒளியை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஒட்சிசனை இறக்கிவிட்டது சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். தோல், எலும்பு, நகம், நாளத்துக் குருதி எல்லாமே ஒளியை விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை விழுங்கும் அளவு பெரும்பாலும் மாறாமல் நிற்கும். இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்குவது, இதயத்திலிருந்து ஒட்சிசனோடு வரும் நாடிக் குருதி மட்டுமே. கருவி அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, சிவப்பில் தெரியும் துடிப்பு எவ்வளவு, அகச்சிவப்பில் தெரியும் துடிப்பு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறது.

ஜப்பானில் நிஹொன் கோடென் நிறுவனத்தில் பணியாற்றிய தக்குவோ அவொயாகி என்ற பொறியியலாளர்தான் 1970களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். அவர் தேடியது ஒட்சிசனை அன்று. குருதியில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை நீக்கப் போனபோதுதான், தொல்லைக்குள்ளேயே ஒட்சிசனின் கணக்கு இருப்பதைக் கண்டார். 2020 ஏப்ரலில், உலகமெல்லாம் வீட்டுக்கு வீடு இந்தக் கிளிப்பைத் தேடத் தொடங்கிய அதே காலத்தில், அவர் இறந்தார்.

இப்போது அந்த 84. இரண்டு ஒளியிலும் துடிப்பு ஒரே அளவில் தெரிந்தால், கருவிக்குள் இருக்கும் அட்டவணைப்படி விடை ஏறக்குறைய 85. விரல் தடித்து நாடித்துடிப்பு மங்கிப்போனால், கை நடுக்கமும் வெளிவெளிச்சமும் அந்த இடத்தை நிரப்பும். அவை இரண்டு ஒளியிலும் ஒரே மாதிரிப் புகும். ஆகவே எண் 85ஐ நோக்கி இழுபடும். அலை சிதறி, எண் 85 சுற்றுவட்டாரத்தில் நின்றால், நான் முதலில் விரலைத்தான் சந்தேகிப்பேன். அதற்காக 85 என்று காட்டுவதெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலை சீராக ஓடும் விரலில் 85 வந்தால் அது உண்மையான 85ஆகவே இருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் சிலர் பென்சிலை நுழைத்து, எண் வருகிறது, ஆகவே கருவியே ஏமாற்று என்று காணொளி போட்டார்கள். பென்சிலைப் பிடித்த கையின் அசைவைக்கூட மலிவான கருவி நாடி என்று எடுத்துக்கொள்ளலாம். மனித விரலில் அது சரியாக அளக்கிறதா என்பதைப் பென்சில் சொல்லாது.

நல்ல கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கின்படி, அவர்கள் அனுமதித்த கருவி 90 காட்டினால் உண்மையான அளவு பொதுவாக 86க்கும் 94க்கும் இடையில் இருக்கும். சுகதேகிகளைக் குறைந்த ஒட்சிசனுள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, நாடிக் குருதியோடு ஒப்பிட்டுத்தான் இந்த அட்டவணைகளைத் தயாரிக்கிறார்கள். 70க்குக் கீழே எவரையும் இறக்க முடியாது. அதனால் 70க்குக் கீழே காட்டும் எண் வெறும் ஊகம். 90க்கும் 91க்கும் இடையில் மனதைப் போட்டு அலைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்பாவின் சுருட்டுக் கதை ஓரளவு உண்மை. அதுதான் அதன் ஆபத்து. சுருட்டுப் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது; அன்ரி சொன்ன காபனீரொட்சைட்டு வேறு. அது ஈமோகுளோபினில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டே விளக்குள்ள இந்தக் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. காபனோரொட்சைட்டு ஏறியதையும் ஒட்சிசன் ஏறியது என்றே எண்ணிச் சேர்த்துவிடும். எண் குறையாது, உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன்தான் குறையும். சாதாரணக் காற்றில் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலம் ஆகும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது சிலர் ஜெனரேற்றரை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்டினார்கள். அந்தப் புகையில் மயங்கிக் கிடப்பவருக்கும் இந்தக் கருவி 98 காட்டும். ஒட்சிசன் ஓடும் மூக்குக்குழாயோடு எவராவது நெருப்பைப் பற்ற வைத்தால் முகமே எரியும் என்பதை அப்பாவுக்குத் தனியாகச் சொல்லுங்கள். சாமியறை விளக்கிலிருந்தும் மெசினைப் பத்தடியாவது தள்ளி வையுங்கள்.


கிண்ணியா வாசகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். போன நோன்புப் பெருநாளுக்கு உம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் மருதோன்றி போட்டார்கள். வீட்டில் அரைத்தது அல்ல. கடையில் கோனில் வரும் கறுப்பு மருதோன்றி. பத்து விரல் நுனியும் கரியாகிவிட்டன. மூன்றாம் நாள் காய்ச்சல். மகன் கிளிப்பை மாட்டினால் கோடு கோடாக வருகிறது, எண் வரவில்லை. ஒரு தடவை 79 என்று வந்து மறைந்தது. பாலத்தைக் கடந்து ரவுனுக்கே ஓடினோம். அங்கே ஒரு தாதி உம்மாவின் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கால் பெருவிரலில் மாட்டினார். 97.

கறுப்புச் சாயம் அந்தச் சிவப்பு விளக்கை மறித்துவிடுகிறது என்றும், இலையை அரைத்துப் போடும் சிவந்த மருதோன்றி பெரும்பாலும் இவ்வளவு தொல்லை தராது என்றும் அவர் சொன்னார். கறுப்பு, நீல, பச்சை நகப்பூச்சுகளும் அப்படித்தானாம். காய்ச்சல் டெங்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.


மூதூர் மருத்துவர் எழுதியது:

இணையத்தில் நோயாளியைப் பார்க்காமல் மருத்துவம் சொல்லக் கூடாது என்பதால், அந்தத் துண்டில் உள்ள 88 – 92 என்ற வரியின் பொருளை மட்டும் விளக்குகிறேன். கனடாவில் உள்ள உறவினர் சொன்னதும் முற்றாகப் பிழையன்று. நுரையீரலில் நாட்பட்ட பழுது இல்லாத பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரைதான் இலக்கு. ஆனால் காபனீரொட்சைட்டைத் தேக்கி வைக்கும் இயல்புள்ள சுவாசத்தடை நோயாளிக்கு இலக்கே வேறு. லண்டனில் உள்ள மருத்துவர்களின் அரச கல்லூரி 2017இல் வெளியிட்ட, நோயாளியின் ஆபத்தை மதிப்பெண்ணால் காட்டும் அட்டவணையில்கூட, இத்தகையவர்களுக்காக 88 – 92ஐ இலக்காகக் கொண்ட தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவின்படி, ஒட்சிசன் ஓடிக்கொண்டிருக்கும்போது 97 காட்டுவதற்கு ஆபத்து மதிப்பெண் உண்டு. உங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுத்த அந்த எண்ணைக் கண்டால், விடுதியில் நாங்கள் எழுந்து போய் ஒட்சிசனைக் குறைப்போம்.

ஒட்சிசன் கூடினால் மூளை சோம்பி மூச்சை மறந்துவிடும் என்று முன்னர் கற்பித்தார்கள். அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. பழுதான நுரையீரல், காற்று நன்றாகப் போகாத மூலைகளுக்குக் குருதி செல்வதைத் தானே இறுக்கி, நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடுகிறது. அளவுக்கு மீறி ஒட்சிசனைக் கொடுத்தால் அந்த இறுக்கம் தளர்ந்து, குருதி பயனற்ற மூலைகளுக்கும் பாய்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேற வழியில்லாமல் திரும்புகிறது. அதோடு, ஒட்சிசன் நிறைந்த ஈமோகுளோபின் காபனீரொட்சைட்டைச் சுமக்கும் ஆற்றலையும் ஓரளவு இழக்கிறது. அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் அம்புலன்சில் ஏற்றப்பட்ட 405 நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் தாராளமாக ஒட்சிசன் கொடுப்பதற்குப் பதிலாக 88 – 92 என்ற இலக்குக்கு அளந்து கொடுத்தபோது, இந்த நோய் உறுதிசெய்யப்பட்டவர்களிடையே இறப்பு 78 சதவீதம் குறைந்தது. கையில் ஒரு கிளிப்பும் திருகும் ஒரு குமிழும் மட்டுமே தேவைப்பட்ட சிகிச்சை அது.

88 என்ற எண்ணைக் கேட்டவுடன் பயம் வருவது இயல்பு. கோணேசர் மலையில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் நடக்கும்வரை தரை ஏறக்குறையச் சமம். இராவணன் வெட்டுக்கு வந்தால் நேரே கடல். இந்த எண்ணுக்கும் குருதியில் உள்ள ஒட்சிசன் அழுத்தத்துக்கும் உள்ள உறவும் அப்படிப்பட்டது. அழுத்தம் 100 மில்லிமீற்றர் இரசத்திலிருந்து 60க்கு இறங்கும்போதும் எண் 97, 98இலிருந்து 90க்குத்தான் இறங்குகிறது; அதற்குக் கீழே போகப் போகச் சரிவு செங்குத்தாகும். 88இல் உங்கள் அப்பா விளிம்புக்குச் சற்று உள்ளே நிற்கிறார், விழவில்லை. ஆனால் நன்றாக அளந்த விரலில் 88க்குக் கீழே தொடர்ந்து நின்றாலோ, குளியலறை வரை நடந்து வந்தவுடன் வழக்கத்தை விட நான்கு புள்ளி இறங்கித் திரும்ப ஏற நேரமெடுத்தாலோ, அதை எங்களிடம் கொண்டு வர வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 – 96 என்று காட்டியபோதும் நாடிக் குருதியில் உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். தோலின் கருமை கருவியை உண்மையை விடக் கூட்டிச் சொல்ல வைக்கிறது. வெயிலில் நாற்பது ஆண்டு தொழில் செய்தவரின் விரலில் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதனால்தான் மணிக்கட்டு நாடியில் ஊசி போட்டு எடுக்கும் குருதிப் பரிசோதனையை ஒரு தடவையாவது கருவியின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அது நோகும், என்றாலும் காபனீரொட்சைட்டும் அதில்தான் தெரியும்.


பாலையூற்று மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்குக்குப் போய் வந்தோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்; தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மணிக்கட்டில் குருதி எடுத்தார்கள். அப்பா "சுறா முள்ளுக் குத்தினதை விட மோசம்" என்றார். அதே நேரத்தில் எங்கள் கருவியை இடது நடுவிரலில் மாட்டச் சொன்னார்கள்: கருவி 91, குருதியில் 89. காபனீரொட்சைட்டு இன்னமும் வழக்கத்தை விடக் கூடுதலாகத்தான் இருக்கிறதாம். 1 லீற்றரிலேயே நிறுத்தி, இரண்டு கிழமைக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை இலக்கைச் சிவப்புப் பேனையால் எழுதி, "92ஐத் தாண்டினால் கூட்டாதீர்கள், எங்களைக் கேளுங்கள்" என்று தமிழிலேயே சேர்த்து எழுதித் தந்தார்கள். அதைப் படமெடுத்து மச்சாளுக்கும் அனுப்பினேன்.

சுருட்டும் பிடிபட்டுவிட்டது. வள்ளத்துக் கொட்டிலின் பின்னால் போய்க் குடித்துவிட்டு, கருவியை மடியில் கட்டிக்கொண்டு போய் அங்கேயே அளந்தும் பார்த்திருக்கிறார். காபனோரொட்சைட்டுக் கதையைச் சொன்னேன். கருவியை ஏமாற்றுவதாக நினைத்தவருக்குத் தன்னையே ஏமாற்றியது விளங்கியதா என்று தெரியவில்லை. சுருட்டுப் பெட்டியை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கொப்பியில் இன்றைய வரி இது, அன்ரி சரிபார்த்துச் சொல்லுங்கள்: காலை 7.10, 1 லீற்றர், இடது நடுவிரல், ஒட்சிசன் 87, நாடி 104, மூச்சு 24, அதற்கு முன் அம்மாவோடு சண்டை.


உவர்மலை ஓய்வுநிலைத் தாதி எழுதியது:

ஐந்து நிமிடம் இருத்திவிட்டுத் திரும்ப எடுங்கள், மகள். அம்மாவை அடுத்த அறையில் இருக்கச் சொல்லுங்கள்.


பாலையூற்று மகள் எழுதியது:

7.25, அதே விரல்: 90, நாடி 84, மூச்சு 20. தேத்தண்ணீர் கேட்கிறார்.